பழைய கேசட் டிராக்கில் கிட்டார் ஒட்டவே மாட்டேங்குது

ஜூன் 3, சாயங்காலம். களியக்காவிளைத் தம்பி கேட்டது, அப்படியே:

"அண்ணே, எங்க சித்தப்பா 1996-ல கீபோர்டுல வாசிச்ச ஒரு இசை கேசட்டுல கெடக்கு. பாட்டு இல்ல, வெறும் டிராக். தங்கச்சி கல்யாணத்துல பொண்ணு கோயிலுக்குள்ள, சர்ச்சுதான், வரும்போது அதைப் போடணும்னு வீட்டுல ஆசை. நான் அதுக்கு மேல அக்கூஸ்டிக் கிட்டார் வாசிச்சு ரெக்கார்டு பண்ணினேன். தனித்தனியா கேட்டா ரெண்டும் கொள்ளாம். சேத்துப் போட்டா எண்ணெயும் தண்ணியுமா நிக்குது. எந்த ஈக்யூ (அடிச்சத்தம், மேல்சத்தம்னு கூட்டிக் குறைக்குறது) போட்டா ஒட்டும்?"

ஜூன் 3, ராத்திரி 10.50

முதல்ல டிராக்கை 6 டெசிபல் இறக்கு தம்பி. ஏற்கெனவே மிக்ஸ் ஆகி உச்சி தொட்டு நிக்குற ஃபைலுக்கு மேல எதை வச்சாலும் கிழியத்தான் செய்யும். நிறைஞ்ச பஸ்ஸுல ஆள் ஏத்துற கதைதான், உள்ள நிக்குறவன் கொஞ்சம் நகரணும். அப்புறம் கிட்டார்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை வெட்டு. 250-லேருந்து 400 வரை ரெண்டு மூணு டெசிபல் குறை. 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் லேசா தூக்கு. கொஞ்சம் ரிவெர்ப், ஹால்ல முழங்குற மாதிரி. ஒட்டிரும்.

மழை வலுக்குது, கரண்ட் போகும்போல. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 4, காலை 6.15

மேல உள்ளதை நம்பி யாரும் எதுவும் செய்யாதீங்க. நாடி பிடிக்காம மருந்து எழுதிட்டேன்.

தம்பி ராத்திரியே ரெண்டு ஃபைலும் அனுப்பியிருக்கான். சாயா குடிச்சுக்கிட்டே ஹெட்போன்ல போட்டேன். நாலாவது பார்லயே பல்லு கூசிச்சு. இது ஈக்யூ இல்ல, சுருதி.

டிராக் முடியுற இடத்துல சித்தப்பா ஒரு டி கார்டை (சுரங்கள் சேந்த கூட்டு) ஏழெட்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சிருக்கார். அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு டியூனரைக் காட்டினேன். முள்ளு டி-க்கு மேல 30 சென்ட்ல போய் நின்னுது. ஒரு ஃப்ரெட்டுக்கு, அதாவது கிட்டார் கழுத்துல ஒரு கட்டத்துக்கு, 100 சென்ட். அப்போ இது மூணுல ஒரு பங்கு ஃப்ரெட். தம்பி கிட்டாரை 440-க்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ், வழக்கமா எல்லாரும் கட்டுற சுருதி) அச்சு அசலா கட்டியிருக்கான், டிராக் 448-ல ஓடுது. தனித்தனியா கேட்டா ரெண்டும் யோக்கியன், ஒரே வீட்டுல வச்சாத்தான் சண்டை. எந்த ஈக்யூவும் இதுக்கு மத்தியஸ்தம் பண்ணாது.

டியூனர்ல 440-ஐ 448 ஆக்கிக் கட்டிட்டு மறுபடி வாசி.

ஜூன் 4, மத்தியானம்

இன்னொரு விஷயம், இது காலையில கண்ணுல படல. கிட்டார் ஃபைலை நல்லா பெருசாக்கிப் பாத்தா நெடுக ஒட்டு. எண்ணினேன், பத்தொம்பது. ஏன்லேன்னு கேட்டா, "கேசட் அட்டையில சித்தப்பா 92-னு, நிமிசத்துக்கு 92 அடி, எழுதியிருந்தார், அதான் 92-ல கிளிக் (தாளம் தட்டுற மெட்ரோனோம் சத்தம்) வச்சு வாசிச்சேன். தொடக்கத்துல சரியா நிக்குது, போகப்போக கிட்டார் பின்னால இழுக்குது. அதான் வெட்டி வெட்டி முன்னால தள்ளினேன்" அப்படிங்கான்.

அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நீல பால்பாயிண்ட்ல "92, டி, ஸ்டிரிங்ஸ் + ஃபுளூட்". அதுக்குக் கீழ யாரோ காய்கறிக் கணக்கு போட்டிருக்காங்க.

ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொண்ணுலயும் கம்பியோட கார்வை பாதியில செத்துப்போகுது. அது காதுக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. நீ "ஒட்டல"ன்னு சொன்னதுல பாதி இந்த ஒட்டுதான்.

ஆக ரெண்டு வியாதி: சுருதி ஒண்ணு, தாளம் ஒண்ணு.

ஜூன் 5, ராத்திரி 1.10

ஒறக்கம் வரல. ரெண்டு இல்ல, ஒரே வியாதி!

டிராக்கை முதல் அடியிலேருந்து கடைசி ஸ்டான்ஸா முடியுறது வரை எண்ணினேன். 80 பார், நாலு அடி வீதம் 320 அடி. 92-ல ஓடினா 208.7 செகண்ட் வரணும். வந்தது 205.1. கிட்டத்தட்ட மூணரை செகண்ட் முந்துது. அப்போ டிராக் 93.6-ல ஓடுது. 93.6-ஐ 92-ஆல வகுத்தா 1.0174. இப்போ 30 சென்ட் சுருதி ஏறணும்னா வேகம் எவ்வளவு கூடணும்? அதே ஒண்ணே முக்கால் சதவீதம். டேப் ஒரு சதவீதம் வேகமா ஓடினா சுருதி 17 சென்ட் ஏறும், அதுதான் கணக்கு.

சித்தப்பா சரியாத்தான் வாசிச்சிருக்கார், டி-யிலதான், 92-லதான். கேசட்தான் வேகமா ஓடியிருக்கு. பதிஞ்ச கேசட் டெக் மெதுவா ஓடியிருக்கலாம், இல்லன்னா இப்போ கம்ப்யூட்டர்ல ஏத்தின டெக் வேகமா ஓடியிருக்கலாம். எதுவானாலும் மருந்து ஒண்ணுதான். கிட்டாரை 448-க்கு ஏத்தாத, நான் காலையில சொன்னது தப்பு. டிராக்கை இறக்கு. வேகமும் சுருதியும் சேந்து இறங்கணும், மைனஸ் 1.72 சதவீதம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஆடாசிட்டின்னா ஸ்பீட் மாத்துற எஃபெக்ட்; ரீப்பர்னா பிளேபேக் ரேட்டை மாத்தி, பிட்சைக் காப்பாத்துற டிக்கை எடுத்துரு.

நாய் குரைக்குது. அப்பா எந்திரிச்சு "என்னலே இந்நேரம் கணக்கு"ங்கார்.

ஜூன் 5, காலை

இதைப் படிக்குற சித்தூர்க்காரர் ஒருத்தர் கேக்கார் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்ல): "சுருதியை மட்டும் இறக்கினா போதாதா? இப்போ அதுக்குத்தான் நல்ல நல்ல பிளகின் இருக்கே."

இருக்கு. ஆனா வேகத்தை விட்டுட்டு சுருதியை மட்டும் மாத்தினா சத்தத்தைப் பொடிப்பொடியா நறுக்கித் திரும்பக் கோக்குற வேலை நடக்கும். ஸ்டிரிங்ஸ் எல்லாம் தண்ணிக்குள்ள வச்சுக் கேட்ட மாதிரி ஆகும். இங்க ரெண்டும் சேந்தே ஏறியிருக்கு, சேந்தே இறக்கினா ஒரு கீறல் விழாது. அதோட 92-ம் திரும்பக் கிடைக்குது. பிறகு எதுக்கு தனித்தனியா?

அவரே இன்னொண்ணும் கேட்டார், ஏ.ஐ. வச்சு டிராக்கைப் பிரிச்சு எடுத்தா என்னன்னு. 2019-ல டீஸர் கம்பெனி ஸ்பிளீட்டரை வெளியிட்டதிலேருந்து இது எல்லார் கையிலயும் இருக்கு. போட்டுப் பாத்தேன். டிரம்ஸ் ஒருமாதிரி வந்துது. கீபோர்டு ஸ்டிரிங்ஸும் புல்லாங்குழலும் ஒரே மூட்டையில விழுந்துது, அதுலயும் ஓரமெல்லாம் கடிச்சு வச்ச மாதிரி. கல்யாணத்துக்கு ஆகாது.

ஜூன் 5, சாயங்காலம்

தம்பி மஸ்கட்ல இருக்குற சித்தப்பாவுக்கு வாய்ஸ் போட்டுக் கேட்டிருக்கான். பதில்ல பாதி சிரிப்புதான். "அந்த டெக்குக்கு பெல்ட் தளர்ச்சிலே, எங்க வீட்டு எருமை மாதிரி நடக்கும். நான் வேணும்னா லீவுக்கு வரும்போது புதுசா வாசிச்சுத் தாரேன், நீ எதுக்குக் கெடந்து சாவுதா?"

மெதுவா நடந்த டெக்குல பதிஞ்சதை ஒழுங்கா ஓடுற டெக்குல போட்டா வேகமாத்தானே வரும். ராத்திரிக் கணக்கு பொய்யில்ல.

புதுசா வாசிச்சா சுகமா முடியும்தான். ஆனா 1996 சித்தப்பாவோட கை வராதே.

ஜூன் 6

என் மானத்தை நானே வாங்கிக்கிடுறேன். ரெண்டு வருசம் முந்தி பாறசாலைப் பக்கத்துலேருந்து ஒரு கொயர் டிராக் கொண்டுவந்தாங்க. அது 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் (சத்தத்தை செகண்டுக்கு 48 ஆயிரம் துண்டா பதிஞ்சது), எனக்க பழைய மெஷின் அதை 44.1-ன்னு நெனச்சு ஓட்டியிருக்கு. நாலு நிமிசப் பாட்டு நாலு நிமிசம் 21 செகண்டாச்சு, சுருதி ஒன்றரை ஃப்ரெட் கீழ. நான் என்ன செஞ்சேன்? கிட்டார் கம்பியை அதுக்கேத்த மாதிரி இறக்கிக் கட்டினேன். போதாக்குறைக்கு, "அக்கா நீங்க சுருதி ஏத்திப் பாடுதீங்க"ன்னு ஒரு அக்காட்ட சொல்லவும் செஞ்சேன். அவங்க நல்லா பாடுறவங்க. இன்னைக்கும் சந்தையில பாத்தா, "என்ன தம்பி, இன்னைக்கு சுருதி எப்படி"ன்னு கேப்பாங்க.

கூட்டாளி ஒருத்தன் வந்து முதல்ல நீளத்தைப் பாத்தான். ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல நாலு நிமிசம், திரையில நாலு இருபத்தொண்ணு.

ஜூன் 8

தம்பி மறுபடி வாசிச்சு அனுப்பியிருக்கான். டிராக்கை இறக்கி, கிட்டாரை 440-ல கட்டி, கிளிக்கை எடுத்துப்போட்டுட்டு, டிராக்கையே காதுல கேட்டு ஒரே மூச்சுல. ஒட்டு இல்ல. சேர ஆரம்பிச்சிருச்சு!

கிளிக் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். தளர்ந்த பெல்ட் ஒரே சீரா மெதுவா ஓடாது, அங்கங்க மூச்சு வாங்கும். மொத்தமா 1.72 இறக்கினாலும் நடுவுல முப்பது நாப்பது மில்லிசெகண்ட் முன்னப்பின்ன போகத்தான் செய்யுது. கம்ப்யூட்டர் கிளிக்குக்கு அது தெரியாது, காதுக்குத் தெரியும். நீ டிராக்கைக் கேட்டு வாசிச்சா அது நொண்டுற இடத்துல நீயும் கூடவே நொண்டுவ, ரெண்டு பேரும் ஒண்ணா நடந்த மாதிரி இருக்கும். கிட்டார் ஒட்டுறதுக்கு முக்காவாசி இதுதான்னு இப்போ தோணுது. நான் முதல் நாள் ஈக்யூ எழுதினதை நினைச்சா வெக்கமா வருது.

ஆனா இப்பவும் கிட்டார் ஒரு துளி முந்துது. எல்லா இடத்துலயும் ஒரே அளவு, 25 மில்லிசெகண்ட் பக்கம்.

ஜூன் 8, ராத்திரி

முந்துறதுக்கு ரெண்டு பேர் மேல சந்தேகம்.

ஒண்ணு மெஷின். ஆடாசிட்டில லேட்டன்சி காம்பன்சேஷன், அதாவது ரெக்கார்டு பண்ணும்போது மெஷின் தாமதிக்குறதைச் சரிக்கட்டுற அளவு, தொடக்கத்துல மைனஸ் 130 மில்லிசெகண்ட்னு இருக்கும். அது எல்லாருக்கும் பொதுவா தைச்ச சட்டை, உன் உடம்புக்கு அளவெடுத்தது இல்ல. ஹெட்போனை மைக் வாயோட சேத்து வச்சு ஒரு கிளிக்கை ஓடவிட்டு அதையே ரெக்கார்டு பண்ணு. வந்த கிளிக்கும் போன கிளிக்கும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாத்துத் திருத்து.

ரெண்டாவது நீ. கோயில்ல எங்க நின்னு வாசிக்கிறன்னு கேட்டேன். "பின்னால மாடியில, ஸ்பீக்கர் எல்லாம் முன்னால பீடத்துக்கிட்ட." அதான் சங்கதி! சத்தம் ஒரு மில்லிசெகண்டுல 34 சென்டிமீட்டர்தான் நடக்கும். இருபது மீட்டர் தாண்டி வர 58 மில்லிசெகண்ட் ஆகும். அத்தனை வருசம் மாடியில நின்னவன் கை, தானே முந்தி அடிக்கப் பழகியிருக்கும். நானும் அப்படித்தான். ஹெட்போன் போட்டா தூரம் இல்லாமப் போகுது, பழக்கம் மட்டும் மிச்சம்.

ஜூன் 9

தம்பி அளந்துட்டான். மெஷின் மேல 11, அவன் மேல 14. "பாவம் மெஷின், பாதிக்குற்றம்தான்" அப்படின்னு எழுதியிருக்கான்.

மொத்த கிட்டாரையும் 25 பின்னால தள்ளினோம். ரொம்ப ஒழுங்கா ஒட்டி நின்னுது, ஆனா சுருக்குன்னு இல்ல. 18-ல விட்டோம்.

ஜூன் 11

5 கிலோஹெர்ட்ஸைத் தூக்கச் சொன்னேன் இல்லையா, அதையும் திரும்ப எடுத்துக்கிடுறேன். கேசட் டிராக்குல மேல்சத்தம் மங்கிப்போய்த்தான் இருக்கு. அதுக்கு மேல கிட்டார் சில்லுசில்லுன்னு கேட்டா பழைய வேட்டிக்குப் புது பாலியஸ்டர்ல ஒட்டுப்போட்ட மாதிரி. தூக்குறதுக்குப் பதிலா 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டு.

அதுக்கு முன்ன ஒரு வேலை. கேசட்டை ஏத்தும்போது டெக்குல டேப்பைப் படிக்குற ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அசிமத் ஸ்குரூ. கேசட் ஓட ஓட அதைப் பைய, கால் சுத்துக்கும் குறைவா திருப்பு. ஒரு இடத்துல திரைச்சீலையை விலக்கினது மாதிரி சத்தம் திறக்கும். அங்க நிறுத்து. ஸ்குரூ டிரைவர் காந்தம் பிடிச்சதா இருக்கக்கூடாது. இதைச் செஞ்சுட்டு மறுபடி ஏத்தினதுல டிராக்கே ஒருபடி எழுந்து வந்துருச்சு. ஏத்தினது வேற டெக்ங்கதால வேகக் கணக்கையும் திரும்பப் போட்டோம், 1.6 வந்துது. யாரும் என் 1.72-ஐ காப்பி அடிக்காதீங்க, அவங்கவங்க கேசட்டை அவங்கவங்க அளக்கணும்.

டேப் இரைச்சலை எடுக்கப் போகாத. எடுத்தா ஸ்டிரிங்ஸும் கூடவே போகும். தம்பி கிட்டார் ரெண்டு பார் முன்னாலயே தனியா தொடங்குது. அங்க இரைச்சல் இல்லாம சுத்தமா இருந்து, டிராக் வந்ததும் "ஸ்ஸ்ஸ்"ன்னு குபுக்குனு வருது. அதுதான் காட்டிக்கொடுக்குது. கேசட்ல இசை தொடங்குறதுக்கு முன்னால உள்ள வெத்து இரைச்சலை வெட்டி அந்த ரெண்டு பாருக்கு அடியில விரிச்சு விடு.

ஜூன் 12

வாசிப்பைப் பத்தி ஒண்ணு. சித்தப்பாவோட இடது கை கீழ நல்லா உழைச்சிருக்கு. அதே இடத்துல நீ ஆறாவது, அஞ்சாவது கம்பியை அடிச்சா ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்த கதை. வெறும் டி ஷேப்ல வாசிக்காத. ஏழாவது ஃப்ரெட்ல கேப்போ (கம்பி எல்லாத்தையும் அமுக்கிப் பிடிக்குற கிளிப்பு) போட்டு ஜி ஷேப்ல வாசி, டி-தான் வரும். அப்போ நீ மேல, அவர் கீழ. நான் முதல்நாள் 250-லேருந்து 400 வரை வெட்டச் சொன்னது இதுக்காகத்தான், ஆனா கேப்போ போட்டா வெட்டவே வேண்டாம்.

புல்லாங்குழல் வர்ற இடத்துல கையை எடுத்துரு. முழுசா.

ஜூன் 15

செங்கோட்டைக்காரர் ஒருத்தர் எழுதினார்: "9 கிலோஹெர்ட்ஸ்ல வெட்டுறது எதுக்கு? கிட்டாரையே ஒரு கேசட்டுல பதிஞ்சு திரும்ப எடுங்க."

படிச்சதும் சிரிச்சேன். அப்புறம் சாயந்திரம் வரை வேற வேலை ஓடல. எனக்க ரூம் முந்தி ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட புரை, இன்னும் அந்த வாசம் போகல. பரண்ல ஒரு டெக் கிடந்துது. புது கேசட் மார்த்தாண்டம் முழுக்க அலைஞ்சும் கிட்டல. கடைசியில அம்மாவோட பிரசங்கக் கேசட் ஒண்ணை எடுத்தேன். பின்பக்க ஓரத்துல உள்ள பல்லை ஒடிச்சு வச்சிருக்கு, யாரும் மேல பதியக்கூடாதுன்னு. அந்த ஓட்டையில செல்லோடேப் ஒட்டினா டெக் ஏமாந்துரும்.

தம்பியோட கிட்டாரை அதுல இறக்கி, அதே டெக்குலயே ஓட்டி எடுத்தேன். ஒரே டெக்குல பதிஞ்சு அதுலயே ஓட்டினா வேகம் பெருசா மாறாது, லேசா அலையும், கொஞ்சம் நகர்த்தினா போதும். என்னத்தைச் சொல்ல! வெட்டியும் தூக்கியும் வராதது வந்துருச்சு. முனை மழுங்கி, கொஞ்சம் தடிச்சு, அதே இரைச்சலோட. ரெண்டும் ஒரே அலமாரியில முப்பது வருசம் கிடந்த மாதிரி.

ஒரே குறை. டெக்கோட அழிக்கிற ஹெட் வயசானது. கிட்டார் நிறுத்துற ஒரு இடத்துல, ரொம்ப அடியில, யாரோ "அல்லேலூயா" சொல்லுதாங்க. கல்யாணத்துக்குத்தானே, இருக்கட்டும்னு தம்பி சொல்லிட்டான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 16

ரிவெர்ப் கேட்டவங்களுக்கு: நல்ல எண்ணத்துல ஒரு நாள் கோயில் சாவி வச்சிருக்குற அண்ணன்ட்ட கெஞ்சி, உள்ள ஸ்பீக்கர் வச்சு கிட்டாரை ஓட்டி, நடுவுல மைக் வச்சுப் பிடிச்சோம். கிட்டார் அடுத்த ஊர்ல கேட்டுது. சித்தப்பா கீபோர்டை ஒயர்ல நேரா டெக்குக்குக் குடுத்திருக்கார், அதுல ரூமே இல்ல, கீபோர்டோட சொந்த ஹால் எஃபெக்ட்தான். ஒரு செகண்டுக்கும் குறைவான ரிவெர்ப் லேசா போட்டு நிறுத்தினோம். எப்படியும் கோயிலுக்குள்ள போடப்போற பாட்டு, மிச்சத்தை கோயில் பாத்துக்கிடும்.

ஜூன் 19

மிக்ஸ் மஸ்கட்டுக்குப் போய்ச் சேந்துது. சித்தப்பா ரெண்டு தடவை கேட்டுட்டு வாய்ஸ் அனுப்பியிருக்கார். கிட்டார் ஒட்டினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "ரெண்டாவது ஸ்டான்ஸால மூணாவது வரி ஜி இல்லலே, ஈ மைனர். எனக்க இடது கையைக் கேளு."

கேட்டோம். ஈ மைனர்தான். கேப்போ போட்ட கணக்குல சி ஷேப்புக்குப் பதிலா ஏ மைனர் ஷேப், ஒத்தை விரல் வித்தியாசம். பத்து பேர் இத்தனை நாளா மில்லிசெகண்டும் சென்டும் எண்ணினோம், இதை ஒருத்தன் கண்டுபிடிக்கல.

அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப வாசிச்சு ஒட்டலாம்னா, தம்பி போன வாரம் கம்பி மாத்திட்டானாம். கல்யாணத்துக்குப் புதுக் கம்பி! பழைய கம்பி எட்டு மாசத் துரு, கடல்காத்து வேற. அந்த மங்கல்லதான் டிராக்கோட இணங்கிப் போச்சு. புதுசு கேசட்டுல இறக்கியும் சிணுங்குது. பழையதைக் கேட்டா, "அம்மா துணி காயப்போடக் கொடி கட்டிட்டாங்க அண்ணே" அப்படிங்கான்.

எனக்க கிட்டார்ல கம்பி மாத்தி வருசம் ஒண்ணாகுது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வரச் சொல்லியிருக்கேன். வரும்போது உனக்க கேப்போவை எடுத்துட்டு வா, எனக்கதுல ரப்பர் போயிடுச்சு. முழுசா ஒரே மூச்சுலதான் வாசிக்கணும், அந்த வரியை மட்டும்னு ஆரம்பிக்காத.